ஓரத்துத் துண்டு

பாலையாவுக்கு இமை தொங்க ஆரம்பித்தபோது கொச்சங்காடியில் அவனோடு மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள், "சேட்டன் மூட்டையோடவே உறங்குறாரு" என்று கேலி பண்ணினார்கள். படம் எடுத்த பிறகுதான் தெரிந்தது: நெஞ்செலும்புக்குப் பின்னால், தைமஸ் சுரப்பியில், கோழிமுட்டைப் பருமனில் கட்டி; இமையைத் தொங்கவைத்தது அதுதான். அறுத்தெடுத்து, என்ன வகை என்று பார்க்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். புற்று என்று வந்தால் யூனியனில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

கூடத்தில் டாக்டர் காளியம்மை. அதே கொச்சங்காடியில் மிளகு மூட்டை தூக்கிய பிச்சையின் மகள். கல்லூரியில், "பேரை மாத்திக்கோ" என்றவர்களிடம், "உன் வாயை மாத்திக்கோ" என்றவள்.

பெரிய டாக்டர் ராமபத்ரன் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். "முழுக்க நிணச் செல். நிணநீர்ப் புற்றுன்னு எழுதிடலாம்."

"நடுவில வெளிறின செல்லும் கூட்டமா இருக்கு சார். அது தைமஸோட சொந்தச் செல். கட்டியைச் சுத்தின உறை எந்தத் துண்டுலயும் இல்லையே?"

துண்டு வெட்டும் செல்லதுரை தலையைச் சொறிந்தான். "ஓரமெல்லாம் சுண்ணாம்புக் கல்லு டாக்டரே. கத்தி பல்லு போயிடும். அதான் பஞ்சா இருந்த நடுவுல வெட்டினேன்."

"அமிலத்துல ஊறப்போடு. கல்லு இளகட்டும். சுத்தி எல்லா ஓரமும் எனக்கு வேணும். கட்டி உறையைத் தாண்டியிருக்கான்னு பாக்கணும்."

"கத்தி போனா?"

"நான் தீட்டுறேன். அரிவாள் தீட்டின கைதான்."

"பாலையா தினம் ஆளனுப்பிக் கேக்கிறான்" என்றார் ராமபத்ரன்.

"கேக்கட்டும் சார். தப்பாச் சொல்றதுக்குத் தாமதம் மேல்."

கத்தி போகத்தான் செய்தது, அவளே தீட்டினாள். ஓரத்துத் துண்டுகள் வந்தன. உறை எங்கும் கிழியவில்லை, ஒரு செல்லும் வெளியே தாண்டவில்லை. ராமபத்ரன் ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். "தைமோமா. தைமஸோட சொந்தச் செல்லுல வந்த கட்டிதான், நிணநீர்ப் புற்று இல்லை. நீயே கையெழுத்துப் போடு."

வார்டில் கிடந்த பாலையாவிடம் அவளே போனாள். "கட்டி கட்டிதான் அண்ணே, பொய் சொல்லமாட்டேன். ஆனா மெதுவா வளர்ற மந்த ஜாதி. முழுசா எடுத்தாச்சு. வருஷாவருஷம் படம் எடுக்கணும். உடம்பு தேறுற வரைக்கும் மூட்டையைத் தொடக்கூடாது."

"அதுவரைக்கும் என் இடம், தங்கச்சி?"

அவன் வீடு திரும்பிய அன்று, வெள்ளைக் கோட்டோடு சுமட்டுக்காரர் கொட்டகைக்கு அவனைக் கூட்டிப்போனாள். யூனியன் கன்வீனர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மோளு யாரு?"

"பிச்சை மகள் காளியம்மை. இவர் கட்டியை வகை பிரிச்சவள். புற்றுன்னு பேசி இவரு பேரை வெட்டாதீங்க. தேறினதும் வருவாரு."

கன்வீனர் பீடியைக் கீழே போட்டார். "பாலையாவோட இடம் அவனுக்கே கிடக்கட்டும்."

"நம்ம பொண்ணுடா!" பாலையா கொட்டகை அதிரக் கத்தினான்.

"அண்ணே, தையல்!" என்று அதட்டினாள். ஆனாலும் அந்தச் சத்தம் அவளுக்கும் வேண்டியிருந்தது.