மாலை போட்ட வண்டி

ஆயுத பூஜைக்கு, காப்பார் ஊரில் இருக்கும் எங்கள் கிடங்கில், சரக்கு தூக்கும் போர்க்லிப்ட் வண்டிக்கு மாலை போடுவது முதலாளி ராதாகிருஷ்ணனின் வழக்கம். போடுவதோடு விட்டால் பரவாயில்லை. சாமிக்கு வைத்த மாலையை மனிதக் கை கழற்றக் கூடாதாம், அதுவாக விழ வேண்டுமாம். அதுவாக விழாதபடி நைலான் கயிற்றில் கட்டி வாங்கி வந்தவரும் அவரேதான்.

மறுநாள் காலையிலேயே ஓட்டுநர் நிஜாம் சொன்னான். "பாஸ், மாலை, சரக்க தூக்குற செயின்கிட்ட தொங்குது. எடுத்துரவா?"

"நீ தொடாத லா. உனக்கு இதெல்லாம் தெரியாது."

நிஜாம் ராமநாதபுரத்துக்காரன், பள்ளிவாசலுக்குப் போகிறவன். அதற்கு மேல் மாலையைப் பற்றி அவன் எப்படி வாயைத் திறப்பான்? துப்புரவு வேலைக்கு பெர்மிட் எடுத்து வரவழைத்து, பழைய ஓட்டுநர் வேலையை விட்டு நின்றதும் லைசென்ஸ் இல்லாமலே அவனை வண்டியில் உட்கார வைத்தவர் முதலாளி. பாவம், நன்றாகவே ஓட்டினான்.

பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்கு நல்லெண்ணெய் ஏற்ற லோரி வந்து நின்றது. பெட்டிகள் உச்சித் தட்டில் இருந்தன. சரக்கு சரிபார்க்கிற நான்தான் மேலே போக வேண்டும். ஆள் ஏறுவதற்கென்றே இரும்புக் கூண்டு ஒன்று உண்டு. அதில் முதலாளி பழைய அட்டைகளை அடைத்து வைத்திருந்தார்.

"கூண்டு வேணும் பாஸ்."

"அத காலி பண்றதுக்குள்ள தீபாவளி வந்துரும், உஷா. பேலட் மேல நின்னுக்க. ரெண்டு நிமிஷ வேலை."

லோரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். மனதுக்குள் திட்டிக்கொண்டே, வண்டி தூக்கும் பேலட் பலகையில் ஏறினேன். மேலே போனது நன்றாகத்தான் போனது. இறங்கத் தொடங்கியதும் பலகை ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது.

"அக்கா, மெதுவா உக்காருங்க. அசையாதீங்க," நிஜாம் கீழிருந்து சொன்னான். "மாலைக் கயிறு செயின் சக்கரத்துல சிக்கிருச்சு. செயின் தொய்ஞ்சு கெடக்கு. இப்ப அந்தக் கயிறுதான் பலகைய தாங்குது, அறுந்தா அப்படியே விழுந்துரும்."

கொஞ்சம் மேலே தூக்கிப் பார்த்தான். கயிறு இன்னும் இறுகி, வண்டியின் தூண் முனகியது. விட்டுவிட்டான். எனக்கு முன்னால் எண்ணெய்ப் பெட்டிகள் விளிம்பு வரை அடுக்கியிருந்தன. பின்னால் பிடிமானமில்லாத வண்டித் தூண், இரண்டு பக்கமும் வெறும் காற்று. கிடங்கு ஏணி பாதி உயரம்தான் எட்டும். வாயாடி என்று பெயர் வாங்கிய நான், பலகையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுக் கிடந்தேன். பயத்தில் அழுகை வந்தது.

முதலாளி ஓடி வந்தார். மேலிருந்து அவர் வழுக்கை மட்டும் தெரிந்தது.

"எறக்கு டா. அழுத்தி எறக்கு, கயிறு அறுந்துரும்."

"அறுந்தா அக்கா விழுந்துருவாங்க பாஸ். பொம்பாவ கூப்புடுவோம், தீயணைப்பு வண்டி வந்து எறக்கட்டும்."

"பொம்பா வந்தா முதல்ல ஓட்டுனவன் லைசென்ஸத்தான் கேப்பாங்க. நாளைக்கே உன்ன ஊருக்கு ஏத்திருவாங்க. யோசிச்சுக்க."

அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் கொடுமை. என் போன் கீழே மேசையில் கிடந்தது. 'கூப்பிடு' என்று நான் கத்தினால் நான் பிழைப்பேன், அவன் போய்விடுவான். கத்த வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

நிஜாம் இஞ்சினை நிறுத்தினான். சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தன் போனை எடுத்தான். முதலாளி கத்தியது அவன் காதில் ஏறவே இல்லை.

"அக்கா, மலாய்ல என்ன சொல்லணும்?"

ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். தோலோங். காப்பார். குடாங். ஓராங் தெர்சாங்கூட். உதவி, கிடங்கு, ஆள் மாட்டிக்கொண்டார் என்று. சாலையின் பெயரையும் சொன்னேன். உதவிக்கு வரச் சொல்லும் அந்தச் சொற்களைச் சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் அவன் திருப்பிச் சொன்னான். அவனை ஊருக்கு அனுப்புகிற சொற்களை என் வாயாலேயே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"வந்துட்டு இருக்காங்களாம்."

"நிஜாம், அவங்க வர்றதுக்குள்ள பின் கேட் வழியா போயிரு. ஓட்டுனது யாருன்னு நான் வாயத் திறக்க மாட்டேன்."

"நான் போனா பாஸ் வண்டிய எடுத்து எறக்கிருவாரு. சாவி என்கிட்டதான் இருக்கணும்."

"மேல தூக்கிப் போடு. நான் வச்சுக்கிறேன்."

அவன் சாவியைக் கையில் எடுத்தான். என்னைப் பார்த்தான், தொய்ந்து கிடந்த செயினைப் பார்த்தான்.

"பிடிக்கிறதுக்கு எந்திரிப்பீங்க. பலகை அசைஞ்சுரும். வேணாம்கா."

சாவியை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு வண்டிச் சக்கரத்தின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தான். சைரன் சத்தம் கிட்டே வந்தபோதும் அவன் எழுந்திருக்கவில்லை.