மேட்டில் நின்ற கார்

கல்முனைக்குடி மர்சூக்கை நம்பிக் கல்யாணத்துக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்கும் போகலாம், ஆனால் விமானம் ஏற மட்டும் போகக்கூடாது என்று ஊர் முடிவுகட்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. காரணம் ஜெமீல். சவூதிக்கு வேலைக்குப் புறப்பட்ட ஜெமீலை மர்சூக்தான் தன் பழைய ஒஸ்டின் வாடகைக் காரில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏற்றிப்போனான். நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் மர்சூக் கடற்கரை ஊர்க்காரன். கார் நிறுத்த அவனுக்கு நிழல் வேண்டும். அது தென்னை நிழலாக இருக்கக்கூடாது, தேங்காய் விழும். காகம் அடையும் மரமாகவும் இருக்கக்கூடாது. இந்த இலட்சணம் எல்லாம் பொருந்திய ஒரு மரத்தைத் தேடி, ஜெமீலையும் அவன் பெட்டியையும் காருக்குள்ளேயே வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் சுற்றினான். மரம் கிடைத்தது, விமானம் போய்விட்டது.

ஜெமீல் அடுத்த மாதமே வேறு விமானத்தில் போய்விட்டான். போன இடத்திலிருந்து கடிதமும் போட்டான். ஊரின் வாய் மட்டும் அடங்கவில்லை. தேநீர்க் கடைக்குள் கால் வைத்தாலே, “மரம் கிடைச்சிதா காக்கா?” என்று யாராவது அண்ணன் முறை வைத்துக் கேட்பார்கள். தூரப் பயணங்கள் எல்லாம் வேறு கார்களுக்குப் போயின. மர்சூக் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வருவான். வீட்டுக்கு வந்து மனைவி கமீலாவிடம் மட்டும், தன்னை யாரும் இனி நம்பமாட்டார்கள் என்று சொல்லி வருந்துவான்.

அப்படியிருக்கும்போது, எண்பதாம் ஆண்டு பங்குனியில், கிறிஸ்ரோபர் அவனைத் தேடி வந்தார். கல்முனையில் வீடு, அம்பாறையில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. அங்கே உத்தியோகத்தர்களுக்கென்று இருந்த டெனிஸ் திடலில் தன் ஒரே மகள் செலீனாவைச் சின்ன வயதிலிருந்து விளையாட விட்டவர். பதினேழு வயதில் அந்தப் பிள்ளை அங்கிருந்த பெரிய உத்தியோகத்தர்களை எல்லாம் ஓட ஓட அடித்து, கடைசியில் அவளோடு விளையாட ஆள் வராமல் போய்விட்டது. கொழும்பு ஆட்கள் குளிர் தேடி வரும் சித்திரை சீசனுக்கு மலைமேலுள்ள நுவரெலியாவில் நடக்கும் பெரிய போட்டிக்கு விண்ணப்பம் போட்டார்கள். பெயரும் வந்துவிட்டது. இந்தக் கரையிலிருந்து அதற்குப் போகும் முதல் பிள்ளை அவள்தான்.

கிறிஸ்ரோபர் கடிதத்தை எடுத்துக் காட்டினார். காலை எட்டரைக்கு முன் மேசையில் வந்து பெயர் பதியாதவர் ஆட முடியாது என்று அதில் இருந்தது. “மத்தவங்க சொன்னதெல்லாம் கேட்டுப்போட்டுத்தான் வந்திரிக்கன் தம்பி,” என்றார். “அந்தப் பிழைய ஒருக்காச் செஞ்ச ஆள் திரும்பச் செய்யமாட்டான் எண்டு நினைக்கிறன்.”

மர்சூக் தலையாட்டினான். ஓம் என்று மட்டும் சொன்னான்.

அதன்பிறகு அவன் செய்த காரியத்தை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. கார் நிறுத்த இடம் பார்ப்பதற்காக ஒரு மனிதன் கல்முனையிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போய்வந்தான். ஒன்றரை நாள் போக, ஒன்றரை நாள் வர. இடுப்பில் கட்டிய சாரத்தோடு போய்க் குளிரில் பல்லடித்து, டெனிஸ் திடலைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி மூன்று தடவை நடந்தான். பிறகு பள்ளிவாசலுக்குப் போய் பாங்கு சொல்லும் மோதினாரிடம் சலாம் சொல்லி, தன் கதையை ஒளிக்காமல் சொன்னான். பள்ளியின் பின்வளவில் காரை விடலாம் என்று மோதினார் வாக்குக் கொடுத்தார். வளவிலிருந்து திடல் வாசலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. அதையும் நடந்து எண்ணினான்.

திரும்பி வந்து கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பயணத்தை எழுதினான். முதல்நாள் விடியற்காலை சுபஹ் தொழுததும் புறப்பாடு. பொத்துவில் தாண்டி லகுகலையில் யானை குறுக்கே நின்றால் அதற்கு அரை மணி. மொனராகலையில் தேநீர். பதுளையில் பகல் சாப்பாடு. வெலிமடையில் கிறிஸ்ரோபருக்குத் தெரிந்த பாதிரியார் வீட்டில் இரவுத் தங்கல். மறுநாள் ஆறு மணிக்கு வெலிமடையை விட்டால் ஏழரைக்குப் பள்ளி வளவு. கமீலா தாளை வாங்கிப் பார்த்தாள். யானைக்கு அரை மணி போதுமா என்று அவள் கேட்ட கேள்வியை மர்சூக் நியாயமாகவே எடுத்துக்கொண்டு முக்கால் மணி என்று திருத்தினான்.

புறப்பட்ட அன்று கடற்கரைப் பள்ளியடியில் காரை நிறுத்தி உண்டியலில் காசு போட்டார்கள். செலீனாவும் இறங்கிவந்து போட்டாள். அவள் தாய் சகாயம்மா கொடுத்துவிட்ட ஜெபமாலையை மர்சூக் தன் தஸ்பீஹ் மணிமாலையோடு சேர்த்து ஹேன்ட் பிறேக்கின் பிடியில் தொங்கவிட்டான். ஆறு வருடமாக அந்தப் பிடிக்கு இருந்த வேலை அதுதான். பிறேக்கின் கம்பி அறுந்தபோது அதை மாற்ற அவனுக்குத் தோன்றவில்லை. கல்முனையில் மேடு என்றால் வயல் வரம்புதான். கார் நிறுத்திய இடத்தில் மாடு மாதிரி நிற்கும்.

யானை வரவில்லை. மிச்சமெல்லாம் தாளில் எழுதியபடியே நடந்தது. பதுளையிலும் வெலிமடையிலும் கார் நின்ற இடம் சமதரையாகவே வாய்த்தது. மறுநாள் காலை ஏழு இருபத்தைந்துக்கு நுவரெலியாவுக்குள் கார் நுழைந்தபோது மர்சூக் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஆனால் அவன் இடம் பார்த்துப் போனது சீசனுக்கு முன். இப்போது கொழும்புக் கார்கள் எல்லாம் அங்கேதான் நின்றன. பள்ளிக்குப் போகும் தெருவில் கயிறு கட்டி, பொலிஸ்காரர்கள் எல்லா வண்டிகளையும் வேறு பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். திருப்பிய தெருவில் கார்கள் ஆமையாக நகர்ந்தன. எட்டு மணி. எட்டேகால். பின்சீட்டில் செலீனா ரக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தெரு ஒரு மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கியது. அந்த இறக்கத்தின் அடியில் டெனிஸ் திடலின் கம்பிவேலி தெரிந்தது. இடது பக்கத்தில், நிற்கும் கார்களின் வரிசையில் ஒரு கார் அளவுக்கு இடம் இருந்தது.

இந்த முறை மர்சூக் மரம் பார்க்கவில்லை. ஒரே ஒடிப்பில் காரை அதற்குள் விட்டான். “இறங்குங்க சேர். புள்ளயக் கூட்டிட்டு ஓடுங்க. நான் காரப் பாத்துக்கிறன்,” என்றான். இருவரும் இறங்கி ஓடினார்கள். எட்டு இருபது.

அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விட்டு, பிறேக்கிலிருந்து காலை எடுத்தான். கார் நகர்ந்தது.

பதறிப்போய் மறுபடி மிதித்தான். முன்னால் ஒரு வெள்ளை பென்ஸ், ஒரு முழத்தில் பளபளத்துக்கொண்டு நின்றது. எஞ்சினை நிறுத்தி, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் போட்டுப் பார்த்தான். கிழட்டு எஞ்சின் இரண்டு தரம் விக்க, கார் மறுபடி முன்னால் ஊர்ந்தது. சக்கரத்தை ஓரத்துக்கு ஒடிக்கலாம் என்றால் ஓரத்தில் தண்ணீர் ஓடும் கான். பின்னால் இன்னொரு கார் வந்து ஒட்டி நின்றுவிட்டது. தஸ்பீஹும் ஜெபமாலையும் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பிடியை மர்சூக் அப்போதுதான், ஆறு வருடத்துக்குப் பிறகு, உண்மையாகப் பார்த்தான்.

சக்கரத்துக்கு முன்னால் வைக்க ஒரு கல் இருந்தால் போதும். கேட்கலாம். ஆனால் பத்தடி தள்ளி ஒரு பொலிஸ்காரர் நின்றார். ஹேன்ட் பிறேக் இல்லாத காரை மலைக்குக் கொண்டுவந்தவனை அவர் என்ன செய்வார் என்று மர்சூக்குக்குத் தெரியும். காரைத் தடுத்துவைத்தால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு எப்படித் திரும்பும்? மூச்சுக் காட்டாமல் காலை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

ஒன்பது மணிக்குக் கிறிஸ்ரோபர் மூச்சிரைக்க மேலேறி வந்தார். பெயர் பதிந்தாயிற்று, மூன்று நிமிடம் மிச்சமிருந்தது, ஒரு கொழும்புப் பிள்ளையோடு ஆட்டம் தொடங்கப் போகிறது, வா என்றார். மர்சூக் கண்ணாலே பொலிஸ்காரரைக் காட்டி, மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னான். கிறிஸ்ரோபர் கல் தேடக் குனிந்தார். மர்சூக் விடவில்லை. “புள்ள அங்க தனிய நிக்கிது சேர். என்ட கால் இரிக்கி. நீங்க போங்க,” என்றான்.

அங்கிருந்து பார்த்தால் நடுவரின் உயரமான கதிரையின் முதுகும் ஒரு மூலை வேலியும் தெரிந்தன, அவ்வளவுதான். பந்து அடிபடும் சத்தம் கேட்டது. கைதட்டல் கேட்டது. யாருக்கு என்று தெரியவில்லை. மெல்லத் தட்டினால் கொழும்புப் பிள்ளைக்கு, பலத்துத் தட்டினால் செலீனாவுக்கு என்று முதலில் வைத்துக்கொண்டான். பிறகு, ஊர் பேர் தெரியாத பிள்ளைக்கு யார் பலத்துத் தட்டப் போகிறார்கள் என்று நினைத்து மாற்றிவைத்தான். பத்து மணிக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. பத்தரைக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. இரண்டு கைகளாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஓதல் எல்லாம் ஓதினான். இவ்வளவு தூரம் கொண்டுவந்தும் அவள் அடிக்கும் ஒரு அடியைக்கூடப் பார்க்கக் கிடைக்காதது அவனுக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்தபோதெல்லாம், எட்டு இருபது, எட்டு இருபது என்று மனம் சந்தோஷப்பட்டது.

பதினொரு மணிக்குப் பெரிய கைதட்டல் ஒன்று கேட்டு ஓய்ந்தது. சற்று நேரத்தில் தகப்பனும் மகளும் மேட்டில் ஏறி வந்தார்கள். செலீனா முகம் துடைக்கும் துவாயைச் சுருட்டி மார்போடு அணைத்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. அழுதாளா, ஓடி வந்தாளா என்று மர்சூக்கால் கண்டுகொள்ள முடியவில்லை. அவள் நேரே காரின் முன்சக்கரத்தடிக்கு வந்து, சப்பாத்து நூல் கட்டுகிறவள் போலக் குனிந்தாள். துவாய்க்குள்ளிருந்து இரண்டு கருங்கற்கள் வெளியே வந்தன. சக்கரத்துக்கு ஒன்றாக முட்டுக் கொடுத்தாள்.

நிமிர்ந்தபோது பொலிஸ்காரர் பக்கத்தில் நின்றார்.

அவர் கல்லைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு மர்சூக்கின் காலைப் பார்த்தார். சப்பாத்து முனையால் ஒரு கல்லை இன்னும் உள்ளே தள்ளி இறுக்கினார். காலையிலிருந்து இவர் இறங்கவே இல்லையே என்று நினைத்தேன் என்பது போல ஏதோ சிங்களத்தில் சொல்லிவிட்டு, அடுத்த காரை அனுப்பப் போய்விட்டார்.

“இறங்குங்க மர்சூக் காக்கா,” என்றாள் செலீனா. “ரெண்டு மணிக்கு அடுத்த ஆட்டம் இரிக்கி எனக்கு. இத நீங்க பாக்கோணும்.”

அடுத்த ஆட்டம் என்றால் என்ன அர்த்தம் என்று விளங்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியதும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பிறகு மெல்லக் காலை எடுத்தான். கார் அசையவில்லை. கதவைத் திறந்து இறங்கியபோது வலது கால் மடங்கியது. ஒரு பக்கம் கிறிஸ்ரோபரும் மறுபக்கம் அந்தப் பிள்ளையும் பிடித்துக்கொள்ள, மூவரும் மேட்டிலிருந்து இறங்கினார்கள். எத்தனை எட்டு என்று அவன் எண்ணவில்லை.

வாசலில் நின்றவர் மர்சூக்கின் சாரத்தையும் நொண்டலையும் பார்த்துவிட்டு, இவர் யார் என்று செலீனாவிடம் கேட்டார்.

“இவர்தான் எங்கட டிரைவர்,” என்றாள் அவள். “கல்முனையிலிருந்து எங்கள நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டவர்.”