இரண்டாவது பெட்டி

அக்கா ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த மொத்தப் பணத்தையும், தான் நர்ஸாக இருந்த குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. பணத்துக்காக இல்லை, சத்தியமாக. எனக்குத் தையல் மெஷின் சோறு போடுகிறது. அவளுக்குப் பென்ஷன் வருகிறது, என் வீட்டு மாடியறையும் இருக்கிறது. அந்த வார்டில் கிடக்கிற உள்ளங்கை அளவுக் குழந்தைகள்மேல்தான் எனக்குப் பொறாமை. ஐம்பதைத் தொடப்போகிற வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முப்பத்தைந்து வருடமாக அந்தப் பொடிசுகள் என் பங்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. என் கல்யாணப் பந்தியில் அக்கா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு ஓடினாள். வார்டில் ஏதோ ஒன்று மூச்சுவிட மறந்துவிட்டதாம். அதுகளின் எடையெல்லாம் கிராம் கணக்கில் அவளுக்கு மனப்பாடம். என் பிறந்தநாளுக்கு மட்டும் வருடம் தவறாமல் டபுள் டியூட்டி போட்டுக்கொள்வாள். நான் புலம்பினால் என் வீட்டுக்காரர், நீயும் போய் ஒரு பெட்டிக்குள்ளே படுத்துக்கொள், அப்போதாவது திரும்பிப் பார்ப்பாள் என்று கிண்டலடிப்பார்.

போன மாதம் வார்டின் தலைமை நர்ஸ் துணி தைக்கக் கொடுக்க என் கடைக்கு வந்தார். அக்கா பணத்தில் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். அதில் தன் பெயரைப் போடவே கூடாது, தங்கைக்காகக் கொடுத்தது என்று மட்டும் எழுதுங்கள் என்று அக்கா சொன்னாளாம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் ஏழாம் மாதத்தில் பிறந்து பெட்டியில் கிடந்து பிழைத்தவள்தானே! பட்டன் வாங்க வந்தவர்களைக்கூட விடாமல் உட்கார வைத்துச் சொன்னேன். அந்தப் பொடிசுகளை மன்னித்தும்விட்டேன். பெட்டியைத் திறந்துவைக்கும் விழாவுக்கென்று புதிதாகத் தைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் பெட்டியை மூடியிருந்த துணியை விலக்கினார். பெட்டியின் மேல் பித்தளைத் தகட்டில், ‘நான்கு நாள் மட்டும் இருந்த என் தங்கைக்கு’ என்று இருந்தது.

எழுத்து வெட்டினவன் சொதப்பிவிட்டான் என்றே நினைத்தேன். “நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், நாலு நாள்னு போட்டிருக்கான்” என்று சத்தமாகவே சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் வார்டுத் துணிகள் அடுக்கிவைக்கும் அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“நீங்க ரெண்டு பேர் பொறந்தீங்க. அப்ப இங்க ஒரே ஒரு பெட்டிதான் காலியா இருந்துச்சு. உனக்கு எடை கொஞ்சம் கூட. நீதான் பொழைப்பன்னு உன்னை அதுல வெச்சாங்க. அவளைப் போர்வையில சுத்தி என் மடியில குடுத்தாங்க. எனக்குப் பதினோரு வயசு.”

என்னிடம் சொல்லக் கூடாதென்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாளாம். அம்மா போய்ப் பத்து வருடம் ஆகியும் அக்காவுக்குச் சொல்ல வாய் வரவில்லையாம்.

கேட்டதும் நான் அழுதிருக்க வேண்டும். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. நாலு நாள் முழுசாக அக்கா மடி!

“அந்த நாலு நாள்ல என்னை வந்து பாத்தியா?” என்று கேட்டேன்.

“இல்ல. கண்ணாடிக்குள்ள நீ சுகமாத் தூங்கிட்டிருந்த. உன்மேல எனக்கு அவ்வளவு பொறாமை.”

அதற்குள் வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். பிரசவ அறையிலிருந்து ஒரு குழந்தை வந்திருக்கிறதாம், புதுப் பெட்டியில் அக்காதான் முதலில் வைக்க வேண்டுமாம். அக்கா நகராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் பிறந்தநாளில்கூட அவள் இப்படி நின்றதில்லை.

வழக்கம்போல வயிறு எரிந்தது.

“போக்கா,” என்றேன். “அது குளிர்ல கிடக்கு.”