சராசரியை யாரும் விழுங்குவதில்லை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு மருந்துக்கடையில், எனக்கு முன்னால் நின்ற கர்ப்பிணிப் பெண் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. சத்து மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "பரிசோதிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கே, என்னத்தைப் பரிசோதிச்சாங்க?" என்று கேட்டாள். கடைக்காரர் திருதிருவென விழித்தார். பதில் எனக்கும் தெரியாது. தெரியாததை எழுத எனக்குக் கூச்சம் கிடையாது. நாலு பேரை விசாரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

முதல் தொடக்கம்: "ஆய்வகத்தின் வெள்ளை வெளிச்சத்தில் அவள் தனியாக..." வேண்டாம். ஆய்வகம் என்றாலே வெள்ளை வெளிச்சம், பெண் என்றாலே தனிமை. அடித்துவிட்டேன்.

2

கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரை செய்யும் கம்பெனியில் என் கதைநாயகி பரிசோதகர். வாய் கொஞ்சம் நீளம், வேலையில் கறார். அந்தக் கம்பெனிக்கு ஒரு பெருமை உண்டு. ஒரே தடவையில் கலந்து செய்த ஒவ்வொரு தொகுதி மாத்திரையின் சோதனை முடிவையும் இணையத்தில் போட்டுவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அவள் கணவனின் தங்கை உண்டாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதே மாத்திரைதான் போடுகிறாள். "நீங்க சோதிச்சது அண்ணி, கண்ணை மூடிக்கிட்டு முழுங்குறேன்" என்பாள்.

(முந்தைய பிரதியில் இருவரும் சண்டை போட்டார்கள். நாத்தனார் என்று எழுதியதும் என் பேனா வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. அதட்டி உட்கார வைத்தேன். இவர்கள் சேர்ந்து ஊர்வம்பு பேசுகிறவர்கள்.)

3

ஒருநாள் நாத்தனார் உள்ளங்கையில் இரண்டு மாத்திரைகளை நீட்டினாள்.

"ஒண்ணு மஞ்சளா இருக்கு, ஒண்ணு வெளுத்துப்போயிருக்கு பாருங்க அண்ணி. ஒரே டப்பாதான்."

அண்ணி டப்பாவை வாங்கித் தொகுதி எண்ணைப் பார்த்தாள். கம்பெனி வழக்கம் இதுதான்: ஒரு தொகுதியிலிருந்து இருபது மாத்திரைகளை எடுத்து, ஒன்றாக அரைத்து, அந்தப் பொடியைச் சோதிப்பார்கள். பொடியில் முக்கியச் சத்தான, மஞ்சள் நிற ஃபோலிக் அமிலம் சொன்ன அளவில் இருந்தால் தொகுதி தேறியது. இந்தத் தொகுதியையும் அவள்தான் தேற்றியிருந்தாள். மறுநாள் அதே தொகுதியிலிருந்து வேறு இருபதை எடுத்து, அரைக்காமல் ஒவ்வொரு மாத்திரையாகச் சோதித்தாள். ஒன்றில் கிட்டத்தட்ட இரட்டிப்பு, இன்னொன்றில் பேருக்குத்தான் இருந்தது. கலவை சரியாகக் கலக்கவில்லை. சராசரி மட்டும் அச்சுப் பிசகாமல் சரி.

(சராசரியை யார் விழுங்குகிறார்கள்? ஒருத்தி ஒரு நாளைக்கு ஒரு மாத்திரைதான் விழுங்குகிறாள். குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகும் ஆரம்ப வாரங்களில் அந்தச் சத்து அன்றன்றைக்கு வேண்டும்.)

4

மேலாளரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். "அவர் மேசையைத் தட்டி, இது மட்டும் வெளியே போனால்..." முடிக்க எனக்கே அலுப்பாக இருந்தது. உண்மையில் அவர் எண்களைப் பார்த்ததும் கிடங்கிலிருந்த சரக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார். தகராறு ஏற்கெனவே விற்பனைக்குப் போன சரக்கைப் பற்றித்தான்.

"கடைக்குப் போனதை ஓசைப்படாம திருப்பி வாங்கிடலாம்மா. இணையத்துல போட்டா பாதி படிச்சிட்டு பயந்துடுவாங்க. மாத்திரையே வேணாம்னு விட்டுட்டா? அது இதைவிட ஆபத்து."

"வீட்டுக்குப் போன டப்பா, சார்?"

அவர் கடைகளின் பட்டியலைப் புரட்டத் தொடங்கினார். ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அன்று மாலை அவள் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "மாத்திரையை நிறுத்தாதே. டப்பாவை மாத்து. டாக்டர்கிட்டயும் சொல்லிடு."

நாத்தனார் பயந்துதான் போனாள். டப்பாவை எடுத்துத் தனியாக வைத்தாள். பிறகு கேட்டாள்: "எனக்கு அண்ணி நீங்க இருக்கீங்க. மத்தவங்களுக்கு?"

5

கதைக்கு முடிவுகள் சிலவற்றை எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவள் சோதனை எண்களை வெளியிடுகிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். கைதட்டல் எழுத எனக்கு வராது. இன்னொன்றில் அவள் வாயை மூடிக்கொள்கிறாள், குழந்தை நலமாகப் பிறக்கிறது. அதைக் கிழித்துப் போட்டேன். குழந்தை நன்றாகப் பிறந்தால் மறைத்தது சரியாகிவிடுமா என்ன?

நடந்தது இவ்வளவுதான். இருபது மாத்திரைகளின் முடிவையும் அவள் தனித்தனியாகத் தட்டச்சு செய்தாள். அடியில், "மாத்திரையை நிறுத்தாதீர்கள். இந்தத் தொகுதி டப்பாவை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சேர்த்தாள். மேலாளர் ஒப்புதல் கொடுத்தால்தான் பக்கம் வெளியாகும். அவர் நிதானமாக வாசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. கடைசி வரி வரைக்கும் யாரும்மா படிப்பாங்க?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். நான் எழுதுகிறவன். இந்த விஷயத்தில் என் சாட்சி செல்லாது. இது வரைக்கும் படித்துக்கொண்டு வந்திருப்பவர் நீங்கள். மேலாளர் காத்திருக்கிறார், நீங்களே பதில் சொல்லுங்கள்.