மாமா வைத்துக் கொடுத்த திரை

அயனம்பாக்கம் பரந்தாமன் வீட்டில் ஆயுத பூஜையன்று, காருக்கும் முன்னால் சந்தனப் பொட்டு வாங்கியது ஒரு கால்குலேட்டர். மச்சான் வெற்றிச்செல்வன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, தன் கையாலேயே திரையைச் சரிசெய்து கொடுத்தது. சமன்பாட்டைத் தட்டினால் கோடாக வரைந்து காட்டும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் விடை.

"செட்டிங்ல மட்டும் கைய வெக்காத. மாமா வெச்சுக் குடுத்தது" என்று மகள் திவ்யாவுக்கு உத்தரவு.

முகப்பேர் பள்ளியில் அந்தக் கருவியை வைத்துக்கொண்டே தேர்வு எழுதலாம். முந்நூற்றறுபது பாகைக்குள் 'சைன் எக்ஸ் சமம் அரை' என்று கேள்வி வந்தது. முப்பது பாகை என்பது திவ்யாவுக்குப் பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம். ஆனால் திரையில் இரண்டு கோடுகளும் ஆவடித் தண்டவாளம் போல ஒட்டாமலே ஓடின. 'தீர்வு இல்லை' என்று எழுதிவைத்து, முட்டை வாங்கிவந்தாள்.

பரந்தாமனுக்கு மகளின் மதிப்பெண் போனதைவிட மச்சானின் திரை காட்டியதைப் பள்ளி தப்பென்று சொன்னதுதான் பொறுக்கவில்லை. தாமே அட்மினாக இருக்கும் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில், அந்தக் கணக்குக்கு விடையே கிடையாதென்றும் நாளைக்கே போய் மார்க்கை வாங்கிவருவதாகவும் அறிவித்தார். குழுவே கட்டைவிரல் உயர்த்தியது.

மறுநாள் சலவை வேட்டியில் மகளோடு போய் நின்றார். கணக்கு டீச்சர் காவ்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இந்தத் திரையில் பத்துப் பாகை வரைதான் தெரிகிறது என்று சொல்லி, அவர் தடுப்பதற்குள் முந்நூற்றறுபதுக்கு நீட்டிவிட்டாள். படுத்துக் கிடந்த கோடு அலையாக எழுந்து, முப்பதிலும் நூற்றைம்பதிலும் மற்றதை வெட்டியது.

பரந்தாமன் மகள் பக்கம் திரும்பினார். "உனுக்குத் தெரியுமா இது?"

"முப்பது தெரியும்ப்பா."

"அப்புறம் இன்னாத்துக்கு எழுதல?"

"மாமாவ பொய்யாக்கிட்டு ஊட்ல யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

முட்டை முட்டையாகவே இருந்தது. வெளியே வந்து வண்டியை எடுப்பதற்குள் குழுவில் தமிழரசு விசாரித்துவிட்டான், மார்க் வந்ததா என்று. பரந்தாமன் யோசித்து யோசித்துத் தட்டினார்: 'இந்தக் கணக்குக்கு இரண்டு விடைகள் உண்டென்று பள்ளி ஒப்புக்கொண்டது.'

அடுத்த நொடியே பதில்: "நேத்து ஒண்ணுமே இல்லன்னியே, அண்ணாத்தே?"

பரந்தாமன் குழுவின் செட்டிங்கைத் திறந்து, இனி அட்மின் மட்டுமே பேசலாம் என்று மாற்றினார். அந்த செட்டிங்கில் மட்டும் அவர் தாராளமாகக் கை வைத்தார்.