நூற்றுப் பதினைந்து யூனிட்டைக் காணோம்

கரண்ட் பில் எகிறினால் அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. எதிர்வீட்டுக்காரர் தன் பில்லையும் எடுத்துவந்து காட்டி, கூடவே உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார். பில் குறைந்தால் அழ ஒரு நாதி கிடையாது. குறைந்தவனைத் திருடன் என்கிறார்கள்.

எங்களுக்கு அந்த மாதம் வந்தது ஐம்பத்தெட்டு யூனிட். கூடவே கரண்ட் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம். மூன்று பேர் இருக்கும் வீட்டில், ஃபிரிஜ், கீசர், வாஷிங் மெஷின் என்று நீங்களே எழுதிக் கொடுத்த சாமான்களோடு, ஏழு மாதமாக இவ்வளவு குறைவான உபயோகம் நம்பும்படியாக இல்லை. மீட்டரில் கைவைத்திருப்பதாகச் சந்தேகம். வியாழன் காலை பத்து மணிக்குச் சோதனை. சரியான விளக்கம் இல்லாவிட்டால் அங்கேயே இணைப்பு துண்டிக்கப்படும்.

என் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள்.

"மீட்டர்ல ஏதாவது பண்ணீங்களா?"

"நானா? பல்பு மாத்தவே ஸ்டூலைப் பிடிச்சுக்க நீ வேணும்."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "அப்பா காதுல விழாம பாத்துக்கங்க. கரண்டைப் பிடுங்கிட்டாங்கன்னா, நான் வந்ததாலதான் இந்த வீட்டுக்கு இப்படின்னு கிளம்பிடுவார். போறதுக்கு இடமும் கிடையாது. எங்கயாவது ஒரு லாட்ஜுல போய் உக்காந்துப்பார்."

அவள் மிகைப்படுத்தவில்லை. மாமனார் தன் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்து எட்டு மாதம் ஆகிறது. தண்ணீர்கூட விக்கல் எடுத்தால்தான் கேட்பார். நாற்காலியில் உட்கார்ந்தாலும் விளிம்பில்தான், பஸ் வந்தால் ஓடி ஏறத் தயாராக இருப்பவர் மாதிரி.

சரி, விளக்கம் வேண்டும். விளக்கம் என்றால் கணக்கு. கணக்கு என்றால் நான். பெயின்ட் கடையில் எனக்கு வேலையே அதுதான். சுவரின் நீள அகலத்தைச் சொன்னால் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று மதிப்பிட்டுச் சொல்வேன். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும், ஆனால் தயங்காமல் சொல்வேன். இந்த வியாதி முற்றிப்போய்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒவ்வொரு சுவிட்சுக்கு மேலும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அவ்வளவுதான் சூத்திரம். 'ஃபேன்: பதிமூன்று மணி நேரம், ஒரு யூனிட்.' 'கீசர்: அரை மணி, ஒரு யூனிட்!' கீசருக்கு மட்டும் ஆச்சரியக்குறி. அதற்கப்புறம் பில் இறங்கியது. எல்லாம் என் சீட்டின் மகிமை என்று கடையில் பீற்றிப் பீற்றி, கேஷியர் என்னைக் கண்டாலே விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஒளிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். ஃபிரிஜ் நாளைக்கு ஒன்றரை, மாதம் நாற்பத்தைந்து. மூன்று ஃபேன், தலா பன்னிரண்டு மணி நேரம், எண்பத்தொன்று. கீசர் தினம் கால் மணி, பதினைந்து. டீவி பத்து, விளக்குகள் பத்து, வாஷிங் மெஷின் ஐந்து, இஸ்திரிப் பெட்டி ஏழு. ஆக நூற்று எழுபத்து மூன்று.

"நூத்திப் பதினைஞ்சு யூனிட்டைக் காணோம்," என்றேன்.

"காணோம்னா?"

"நாம செலவு பண்ணியிருக்கணும். பண்ணல."

"செலவாகாததை எங்க போய்த் தேடறது? கட்டிலுக்கு அடியிலயா?" என்றாள். "முதல்ல அந்த ஃபிரிஜைப் பாருங்க. பால் திரியுது, தயிர் புளிக்குது."

ஃபிரிஜ் மெக்கானிக் ஏற்கனவே இரண்டு தடவை, இரண்டும் ஞாயிற்றுக்கிழமை, வந்து பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு சார்," என்று அதன் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

மாமனார் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான ஆள். சட்டைப்பையில் டெஸ்டர், இடுப்பில் கட்டிங் பிளையர். என் கணக்குத்தாளை வாங்கிப் படித்து, சோகமாகத் தலையாட்டினார்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் சார். கம்மியா செலவு பண்ற குடும்பத்தைக் கதையில கேட்டிருக்கேன். நேர்ல பாத்ததில்ல. ஃபிரிஜ் பிளக்கைப் பிடுங்கிடுங்க, அது நின்னு நின்னு ஓடும், கணக்கைக் குழப்பும். மத்தபடி கீசர், மூணு ஃபேன், டீவி, இஸ்திரிப் பெட்டி, எல்லாத்தையும் போட்டுட்டு வாங்க."

போட்டுவிட்டு வந்தேன். சும்மா சூடாவானேன் என்று என் மனைவி நான்கு சட்டைகளை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். மீட்டர் வாசல் சுவரில், வெளியே இருந்தது. அதில் ஒரு சிவப்பு விளக்கு.

"இது ஆயிரத்து அறுநூறு தடவை மினுக்கினா ஒரு யூனிட்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க போட்டிருக்கற சாமானுக்கு நிமிஷத்துக்கு எண்பது மினுக்கணும்." கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்து, மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"இருபது."

திரும்பவும் எண்ணினார். திரும்பவும் இருபது.

"இதுக்கு மேல என்ன சார் வேணும்?" பிளையரை உருவினார்.

பயம் வந்தால் சிலருக்குச் சாமி பேர் வாயில் வரும், எனக்குப் பெருக்கல்தான் வருகிறது. நிமிஷத்துக்கு இருபது என்றால் மணிக்கு ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து அறுநூறில் அது முக்கால் பங்கு. முக்கால் யூனிட். எழுநூற்று ஐம்பது வாட்.

"சார், நிறுத்துங்க! எழுநூத்தம்பது வாட்டுன்னா அது இஸ்திரிப் பெட்டி!"

"எது?"

"மீட்டர் சரியாத்தான் ஓடுது. வீட்டுக்குள்ள இஸ்திரிப் பெட்டியைத் தவிர எதுவும் ஓடல!"

இருவரும் உள்ளே ஓடினோம். ஃபேன்கள் நின்றிருந்தன. டீவி இருட்டாக இருந்தது. கீசர் அணைந்திருந்தது. என் மனைவி மும்முரமாக இஸ்திரி போட்டுக்கொண்டிருக்க, அவளுக்குப் பின்னால், பெட்டியின் சுவிட்ச் மேல் ஒரு விரலை வைத்தபடி, அவள் எப்போது பெட்டியைக் கீழே வைப்பாள் என்று மாமனார் காத்துக்கொண்டிருந்தார்.

"மாமா!"

அவர் வெடுக்கென்று விரலை எடுத்தார். "இல்ல மாப்ள... ஆளில்லாத ரூம்ல ஃபேன் சுத்துது. டீவிய யாரும் பாக்கல. கீசருக்கு நீங்களே ஆச்சரியக்குறி போட்டிருக்கீங்க."

"ஃபேனை நிறுத்தினது நீங்களாப்பா?" என்றாள் அவள். "நான் இவருன்னு நெனச்சேன்."

இன்ஸ்பெக்டர் மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பெரியவரே, தினமும் இப்படித்தானா?"

"இவங்க ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்பினதும் ஃபிரிஜை நிறுத்துவேன். வர்றதுக்குள்ள போட்டுடுவேன்."

"அப்பா! எட்டு மாசமா பால் திரியுது!"

"திரிஞ்சதை நான்தான் குடிச்சுடறேனே. வீணாகலையேம்மா."

"கீசர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாப்ள போட்டுட்டுத் துண்டு தேடப் போவார். அதுக்குள்ள..."

எட்டு மாதமாக வெதுவெதுப்பில் குளித்துவிட்டு, வயசாகிவிட்டால் சூடு உறைக்காது போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தவன் நான்.

"ஃபேன்?"

"எனக்கு வேர்க்காது சார்," என்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏன்பா இப்படி?" என்றாள் என் மனைவி.

"நான் வந்த வாரம்தானேம்மா அந்தச் சீட்டெல்லாம் ஒட்டினார். மாப்ள தங்கமான மனுஷன். முகத்துக்கு நேரா சொல்ல மாட்டார், எழுதி ஒட்டிட்டார்னு புரிஞ்சுக்கிட்டேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை மூவாயிரம் வாட் இருக்கும்.

"மாமா, அது உங்களுக்கில்ல," என்றேன். "சத்தியமா. பொழுது போகாம ஒட்டினேன். நீங்க வந்ததும் அதுவும் ஒரே வாரம்ங்கறதே இப்பத்தான் உறைக்குது. நான் மதிப்பீடு போட்டா தப்பாத்தான் இருக்கும்னு கடையில கேட்டா சொல்வாங்க."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தார். நாளைக்கே லாட்ஜுக்குப் போகிறவரின் சிரிப்பு.

இன்ஸ்பெக்டர் படிவத்தை எடுத்தார். 'குறைவுக்கான காரணம்' என்ற கட்டத்தில் 'மாமனார்' என்று எழுதி, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க," என்றார். பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். "நம்ப வைக்கணும்னா அடுத்த மாசம் நூத்தி எழுபத்தி மூணு வந்தே ஆகணும். மறுபடி அம்பத்தெட்டு வந்தா, நானே வந்து பிடுங்கிட்டுத்தான் போவேன். உங்க பொண்ணு வீட்டுக் கரண்டு இனிமே உங்க பொறுப்பு பெரியவரே."

மாமனார் நிமிர்ந்து நின்றார். எட்டு மாதத்தில் அவரை அவ்வளவு உயரமாக நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து வீட்டில் மின்சார ஆட்சி. ஃபேனை ஐந்தில் வைத்து, போர்வையைத் தலைவரை போர்த்திக்கொண்டு, நடுங்கியபடி கடமையாற்றினார். டீவியில் சமையல், கால்பந்து, பங்குச்சந்தை எதையும் விடவில்லை. காலையில் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை வாசிப்பார்: "நேத்து அஞ்சே காலு. அரை யூனிட் குறையுது மாப்ள. நேத்து நீங்க ஏன் சீக்கிரம் தூங்கினீங்க?"

இருபதாம் நாள் சாப்பிடும்போது தொண்டையைச் செருமினார்.

"இருபது நாளுக்கு நூத்திப் பதினஞ்சுல நிக்கணும். நூத்தி எட்டுதான் ஆகியிருக்கு. என் ரூமுக்கு ஒரு ரேடியோ வாங்கினா என்ன?"

"ரேடியோ பத்து வாட்டுகூட இழுக்காது மாமா," என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே. "நாள் முழுக்க வச்சாலும் கால் யூனிட். அது கணக்குக்கு ஆகாது."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

"தெரியும்," என்றார். "பரவாயில்ல, வாங்குங்க. பாட்டுக் கேட்டு ரொம்ப நாளாச்சு."