காலால் கூப்பிட்டவள்

கட்டிலில் கிடந்த கணவரின் சட்டைக்கு அவள் இரண்டாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. அவர் உயிர் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. கை விறைத்துப்போய்ச் சட்டைக்குள் நுழையவே அவ்வளவு அடம் பிடித்திருந்தது.

கொழுந்தன் எடுத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். "அண்ணி, ஊன ஓய்வூதிய ஆபீஸ். நாளைக்குப் பத்து மணிக்கு அண்ணனுக்கு விசாரணையாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த விசாரணையைக் கேட்டு ஒன்பது வருஷம்! பீரங்கிப் படையில் இருபது வருஷம் நின்று, இரண்டு காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்த மனுஷன். காது நன்றாகக் கேட்கிறதென்று ஒரே வரியில் ஓய்வூதியத்தை மறுத்துவிட்டார்கள். டாக்டர் பின்னால் நின்று கூப்பிட்டாராம், இவர் திரும்பினாராம்.

திரும்பத்தான் திரும்பினார். திருப்பியவள் இவள். வீட்டில் மரத்தளம். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. அதிர்வு அவர் பாதத்தில் ஏறும், திரும்புவார். டாக்டர் அறையிலும் பாழாய்ப்போன மரத்தளம்தான். டாக்டர் கூப்பிட்டதும் இவள் கால் தானாக மிதித்துவிட்டது. பாவம், பழகிய கால் என்ன செய்யும்?

அதைச் சொல்லத்தான் மனு மேல் மனு. ஆளை நேரில் வைத்து விசாரிக்காமல் மறுக்கக் கூடாதென்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது என்று கொழுந்தன் எழுதிக் கொடுத்த வரியை ஒவ்வொன்றிலும் சேர்த்தாள். 'கோப்பைப் பரிசீலித்தோம்' என்றே பதில் வரும். கோப்பை எத்தனை தடவை புரட்டினால் என்ன, அதற்குள் இவள் கால் இல்லையே.

தொலைபேசியைப் பிடுங்கினாள். "அவர் காலைல செத்துட்டாரும்மா."

"ஐயோ, சாரிம்மா," என்றது ஒரு பெண் குரல். "அப்ப ஆஜராகலைன்னு போடவா, இறந்துட்டார்னு போடவா? ஆஜராகலைன்னா தள்ளுபடி. இறந்துட்டார்னா கேஸ் முடிஞ்சுரும்."

"நல்லா இருக்கு உங்க நியாயம்! தப்புப் பண்ணினது என் காலு. நான் வரேன், நான் சொல்றேன்."

"நீங்க சாட்சிதானேம்மா? மனுதாரர் கூப்பிட்டாத்தான் வர முடியும்."

அவள் கட்டிலைப் பார்த்தாள். "சரி, கூப்பிடச் சொல்றேன்," என்று வைத்தாள்.

வண்டி வந்துவிட்டது. தூக்குகிறவர்கள் வாசற்படியில் தயங்கி நின்றார்கள்.

"ஏதாவது சொல்லணும்னா சொல்லிருங்க அண்ணி."

"ஆமா, சொன்னா உடனே கேட்டுருவாரு உங்க அண்ணன்."

கடைசிப் பொத்தானைப் போட்டாள். காலரை நீவிவிட்டாள். ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள். குதிகால் எழும்பி, ஓங்கி ஒரு மிதி மிதித்தது.

ஜன்னலில் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது. வாசலில் பேச்சு நின்றது. கொழுந்தன், தூக்குகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரி, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.